பன்முகப் பண்பாட்டுக் கல்வியும் சமவாய்ப்பும்: அமெரிக்கப் பொதுப்பள்ளி மாவட்டங்களைப் பற்றித் தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பொதுப்பள்ளிக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்கள் பள்ளிச் சேர்க்கையின்போதும், வாரியக் கூட்டங்களிலும், வாட்ஸ்அப் குழுக்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் சொல்வது எது, என் கருத்து எது என்பதைக் கூடுமானவரை பிரித்தே எழுதியிருக்கிறேன்.

பள்ளி மாவட்டத்தில் முடிவெடுப்பவர் யார்?

பள்ளி மாவட்டம் என்பது ஒரு வட்டாரத்தின் பொதுப்பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்பு. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் அந்த வட்டார மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் கொள்கைகளை வகுக்கிறது. வாரியம் நியமிக்கும் கண்காணிப்பாளர் அவற்றைச் செயல்படுத்துகிறார். ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டமாக இயங்குவதும், நியூயார்க் நகரப் பள்ளிகள் மேயரின் பொறுப்பில் இருப்பதும் விதிவிலக்குகள். எந்த வகுப்பில் எதைக் கற்க வேண்டும் என்ற தர வரையறை மாநில அரசுடையது. மத்திய அரசு தரும் பணம் மொத்தச் செலவில் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். ஆனால் அந்தப் பணத்தைப் பெறும் மாவட்டம், இனம், நிறம், பூர்விக நாடு ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் விதிக்கிறது. இப்பக்கத்தில் வரும் உரிமைகளில் பல இந்த ஒரு நிபந்தனையிலிருந்தே கிளைத்தவை.

ஆண்டுக்கொருமுறை சர்வதேச விழா நடத்துகிறார்களே, அதுதானே பன்முகப் பண்பாட்டுக் கல்வி?

அது அதன் மிக எளிய பகுதி. பிள்ளைகள் பட்டுப்பாவாடை கட்டி மேடையேறுவதிலும், பெற்றோர் உணவு மேசை போடுவதிலும் தவறேதும் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் வகுப்பறை முன்பிருந்தபடியே இருந்தால், விழா விழாவாகவே முடிந்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவரான வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் பேங்க்ஸ் இக்கல்விக்கு ஐந்து பரிமாணங்களை வகுத்தார். பல பண்பாடுகளின் செய்திகளைப் பாடத்தில் சேர்ப்பது முதலாவது. அறிவு எவர் கண்ணோட்டத்தில் கட்டமைக்கப்படுகிறது என்று மாணவர்களை ஆராயச் செய்வது இரண்டாவது. முன்முடிவுகளைக் குறைப்பது மூன்றாவது. எல்லாப் பின்னணி மாணவரும் தேறும்படி கற்பிக்கும் முறையை மாற்றிக்கொள்வது நான்காவது. பள்ளியின் நடைமுறைகளையே மாற்றி எல்லாப் பிரிவு மாணவருக்கும் வலுவூட்டுவது ஐந்தாவது. பெரும்பாலான மாவட்டங்கள் முதலாவதில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றன, ஏனெனில் அதற்குச் செலவு குறைவு, எதிர்ப்பும் குறைவு. எந்தப் பிள்ளை எந்த வகுப்பில் அமர்த்தப்படுகிறது, எவருக்கு அனுபவமுள்ள ஆசிரியர் கிடைக்கிறார், யாரை இடைநீக்கம் செய்கிறார்கள், பணம் எங்கே போகிறது என்பவை கடைசி இரண்டு பரிமாணங்களைச் சேர்ந்தவை. ஒரு மாவட்டத்தின் அக்கறையை அங்கேதான் அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஆசிரியர், ஒரே புத்தகம் என்றால் அது நியாயம்தானே?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-இல் இக்கேள்விக்கு ஒருமனதாக விடையளித்தது. சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளி மாணவர்களில் ஏறத்தாழ 1,800 பேருக்கு மொழி உதவி எதுவும் கிடைக்கவில்லை. மற்றவர்களுக்குத் தந்த அதே புத்தகத்தையும் அதே வகுப்பையும்தான் இவர்களுக்கும் தந்தோம் என்று மாவட்டம் வாதிட்டது. ஆங்கிலம் புரியாத மாணவரை அவ்வகுப்பில் உட்காரவைப்பது பொருளுள்ள கல்வியிலிருந்து அவரை விலக்கிவைப்பதே என்று லாவ் எதிர் நிக்கல்ஸ் எனப்படும் அவ்வழக்கில் தீர்ப்பு வந்தது.

எப்படிப்பட்ட உதவி என்பதை அத்தீர்ப்பு வரையறுக்கவில்லை. 1981-இல் காஸ்டனேடா எதிர் பிக்கார்ட் வழக்கில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று அளவுகோல்களைத் தந்தது: மாவட்டத்தின் திட்டம் ஏற்கத்தக்க கல்விக் கோட்பாட்டில் ஊன்றியிருக்க வேண்டும், அதை நடத்தப் போதிய ஆசிரியரும் பொருளும் ஒதுக்கப்பட வேண்டும், சில காலம் கழித்துப் பலன் கிடைத்ததா என்று பார்த்து, கிடைக்காவிட்டால் திட்டத்தை மாற்ற வேண்டும். பெற்றோர் எந்தத் திட்டத்தைப் பற்றியும் கேட்கக்கூடிய மூன்று நல்ல கேள்விகளாகவும் இவை பயன்படும்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதினால், பிள்ளையை ஈஎஸ்எல் (ஆங்கிலம் தாய்மொழியல்லாதோருக்கான ஆங்கில) வகுப்பில் போட்டுவிடுவார்களாமே? ஆங்கிலம் என்றே எழுதிவிடலாமா?

வேண்டாம். அப்படிவத்தில் வழக்கமாக மூன்று கேள்விகள் இருக்கும்: பிள்ளை முதலில் பேசிய மொழி எது, இப்போது அதிகம் பேசும் மொழி எது, வீட்டில் பெரியவர்கள் பேசும் மொழி எது. சேர்க்கை மேசைக்கு முன் நிற்கும் பெற்றோர், வரிசையில் பின்னால் இருப்பவர் சொல்லிக்கொடுத்தபடி மூன்றுக்கும் ஆங்கிலம் என்று நிரப்பிவிடுவதைப் பல ஊர்களில் காணலாம். தமிழ் என்று எழுதுவதால் மட்டுமே எந்தப் பிள்ளையும் ஈஎஸ்எல்லில் வைக்கப்படுவதில்லை. அந்த விடை ஓர் ஆங்கிலத் தகுதிகாண் தேர்வுக்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான். கலிபோர்னியாவில் அதன் பெயர் எல்பேக். நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களும் பிற கல்வி நிர்வாகங்களும் விடா (WIDA) என்னும் கூட்டமைப்பின் தேர்வுகளைப் பயன்படுத்துகின்றன. தேறிவிட்டால் கதை அத்தோடு முடிந்தது.

தேறாவிட்டால், பள்ளியாண்டு தொடங்கி 30 நாட்களுக்குள் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம். சிறப்பு வகுப்பு வேண்டாம் என்று மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆயினும், பிள்ளை தகுதி பெற்று வெளியேறும் வரை ஆண்டுத் தேர்வு தொடரும். பொது வகுப்பிலேயே உரிய ஆதரவைத் தரும் கடமையும் மாவட்டத்துக்கு இருந்துகொண்டே இருக்கும். வெளியேறிய பின்னும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் முன்னேற்றத்தைக் கண்காணிக்க வேண்டும். மறுப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ஈஎஸ்எல் நேரத்துக்காகப் பிள்ளையை எந்தப் பாடத்தின் நடுவில் வெளியே அழைத்துச் செல்கிறார்கள்? அறிவியல் வகுப்பிலிருந்து என்றால் நேரத்தை மாற்றக் கோருவதே முறையான வழி.

பெற்றோருக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் பிள்ளையே மொழிபெயர்க்கலாமா?

பள்ளி அதை எதிர்பார்க்கக் கூடாது. முக்கியமான செய்திகளைப் பெற்றோருக்குப் புரியும் மொழியில் தெரிவிப்பது மாவட்டத்தின் பொறுப்பு. மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் நேரில் கிடைக்காத ஊர்களில் தொலைபேசி வழியாக ஏற்பாடு செய்வார்கள். தன்னைப் பற்றிய குறையை ஆசிரியர் சொல்லச் சொல்ல, எட்டு வயதுப் பிள்ளை அதைத் தன் அம்மாவுக்குத் தமிழில் சொல்லும் கூட்டத்தில் என்ன வடிகட்டப்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சிறப்புக் கல்விக்கான ஐஇபி (தனிநபர் கல்வித் திட்ட) கூட்டங்களில் இது இன்னும் கறாரானது: பெற்றோர் அங்கு நடப்பதைப் புரிந்துகொள்ளத் தேவையான மொழிபெயர்ப்பு ஏற்பாட்டைப் பள்ளி செய்தே தீர வேண்டும்.

எங்கள் விசா நிலையைக் கேட்பார்களா?

பிள்ளையின் குடியேற்ற நிலையைக் காட்டிப் பொதுப்பள்ளியில் இடம் மறுக்க முடியாது என்று 1982-இல் பிளைலர் எதிர் டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வசிப்பிடச் சான்று, வயதுச் சான்று, தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றைக் கேட்பது வழக்கம்.

ஒரே மாநிலத்தில் ஒரு மாவட்டப் பள்ளி செழிப்பாகவும் பக்கத்து மாவட்டப் பள்ளி நலிந்தும் இருப்பது எப்படி?

பள்ளிப் பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. இதன் விளைவை 1973-இல் தீர்ப்பான ரோட்ரிகஸ் வழக்கின் எண்கள் அப்பட்டமாகக் காட்டின. டெக்சாஸின் சான் அன்டோனியோ பகுதியில், மெக்சிகோ வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழ்ந்த எட்ஜ்வுட் மாவட்டத்தார் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினர்; வசதியான அலமோ ஹைட்ஸ் மாவட்டத்தார் 85 சென்ட் கட்டினர். கூடுதல் விகிதத்தில் வரி கட்டியும் எட்ஜ்வுட் மாணவருக்கு மத்திய, மாநில நிதிகளையும் சேர்த்து ஆண்டுக்கு 356 டாலர்தான் கிடைத்தது. அலமோ ஹைட்ஸில் அது 594 டாலர். இது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானதல்ல என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்ததால், அதன்பின் இப்போராட்டம் மாநில நீதிமன்றங்களுக்கும் சட்டமன்றங்களுக்கும் நகர்ந்தது. கலிபோர்னியா 2013-இல் நிதிப் பங்கீட்டை மாற்றி, வறிய குடும்பத்து மாணவர், ஆங்கிலம் கற்போர், வளர்ப்புக் குடும்பங்களில் வாழ்வோர் ஆகியோருக்குத் தலா 20 சதவீதம் கூடுதலாக ஒதுக்கத் தொடங்கியது.

நல்ல பள்ளி உள்ள பகுதி என்று பார்த்து, கூடுதல் விலை கொடுத்து வீடு வாங்கும் நம்மவர்களும் இந்த ஏற்பாட்டின் உள்ளே இருப்பவர்களே. அதில் குற்றவுணர்வு கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால், மாநில நிதிச் சூத்திரத்தைப் பற்றிய விவாதம் வரும்போது அது நமக்குத் தொடர்பில்லாதது என்று ஒதுங்க முடியாது.

சமவாய்ப்பு என்ற பெயரில் கிஃப்டட் (மீத்திறன் மாணவருக்கான) வகுப்பையும் உயர்நிலைக் கணிதத்தையும் எடுத்துவிடுவார்களோ?

தமிழ்ப் பெற்றோர் மிகுந்த பதற்றத்தோடு கேட்கும் கேள்வி இது. பதற்றத்துக்குக் காரணமும் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ மாவட்டம் 2014-இல் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா கற்பிப்பதை நிறுத்தி, எல்லாரும் ஒன்பதாம் வகுப்பில்தான் அதை எடுக்க வேண்டும் என்று வைத்தது. வசதியுள்ள குடும்பங்கள் தனியார் வகுப்புகளுக்கும் இணைய வழிப் பாடங்களுக்கும் பணம் கட்டி அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போயின. பணம் கட்ட இயலாத பிள்ளைகளே ஓராண்டை இழந்தனர். 2024 மார்ச்சில் நகர வாக்காளர்கள் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவருமாறு பெரும் ஆதரவுடன் வாக்களித்தனர்.

ஆனால் சமவாய்ப்பு என்றால் கதவை மூடுவது என்றுதான் ஆக வேண்டுமா என்ன? கதவை அகலமாகத் திறந்த மாநிலங்களும் உண்டு. மாநிலத் தேர்வில் மிக உயர்ந்த நிலையைப் பெற்ற மாணவரை உயர்நிலைக் கணிதத்தில் தானாகவே சேர்க்க வேண்டும் என்று வட கரோலினா 2018-இல் சட்டம் இயற்றியது. டெக்சாஸ் 2023-இல், ஐந்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் மாணவரை ஆறாம் வகுப்பில் உயர்நிலைக் கணிதத்தில் சேர்க்கச் சட்டம் செய்தது. வேண்டாம் என்றால் பெற்றோர்தான் எழுதிக்கொடுத்து விலக வேண்டும். இச்சட்டங்களால் மாறியது ஒன்றே: விண்ணப்பிக்கத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைக்கும் தெரியாத பெற்றோரின் பிள்ளைக்கும் இடையே இருந்த சுவர் போயிற்று.

கிஃப்டட் தேர்வுக்கும் இது பொருந்தும். புளோரிடாவின் பிரவர்ட் மாவட்டத்தில் ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த பிள்ளைகளை மட்டும் சோதித்துவந்தனர். 2005-இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் முதற்கட்டச் சோதனைக்கு உட்படுத்தியபோது, தகுதி பெற்ற கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருமளவு உயர்ந்தது. தகுதி அளவைக் குறைக்காமலேயே இது நடந்தது என்பதுதான் முக்கியம். அப்பிள்ளைகள் முன்பும் இருந்தார்கள், பரிந்துரைக்கத்தான் ஆளில்லை. பணத் தட்டுப்பாட்டால் மாவட்டம் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டதும் பழைய இடைவெளி திரும்பிவந்தது.

தாமஸ் ஜெபர்சன் உயர்நிலைப் பள்ளி விவகாரத்தில் ஆசியர்களுக்கு அநீதி நடந்ததா?

வர்ஜீனியாவின் பேர்பேக்ஸ் மாவட்டத்திலுள்ள இந்த அறிவியல், தொழில்நுட்பப் பள்ளியின் சேர்க்கை முறையை வாரியம் 2020 இறுதியில் மாற்றியது. நுழைவுத் தேர்வும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணமும் நீங்கின. ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பிலும் 1.5 சதவீதத்தினருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அடுத்த சேர்க்கையில் ஆசிய மாணவர் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54-க்கு இறங்கியது. ஒரு சதவீதத்தை ஒட்டியிருந்த வறிய குடும்பத்து மாணவர் பங்கு 25-ஆக ஏறியது. பெற்றோர் கூட்டமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. மாவட்ட நீதிமன்றம் வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பளிக்க, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 மே மாதம் அதை மாற்றியது; 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

என் கருத்தில் இரு தரப்பிலும் விடுபட்ட உண்மை உண்டு. ஆசிய மாணவர் பங்கைக் குறைப்பதையே நோக்கமாகப் பேசிய எவரும் பிள்ளைகளின் உழைப்பை அவமதிக்கிறார்கள். அதே வேளையில், பல ஆயிரம் டாலர் செலவழித்துப் பயிற்சி மையத்தில் தயாராகும் தேர்வைத் திறமைக்கு மட்டுமான அளவுகோல் என்று நாமும் சாதிக்க முடியாது. மாணவரின் இனத்தைப் பார்த்துப் பள்ளி ஒதுக்கும் முறையை 2007-இலேயே சியாட்டில், லூயிவில் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டதால், மாவட்டங்கள் வருமானம், வட்டாரம், படித்த பள்ளி ஆகியவற்றைக் கணக்கில் எடுப்பது இனியும் தொடரும்.

ஆசியப் பிள்ளைகள்தான் நன்றாகப் படிக்கிறார்களே, சமவாய்ப்புப் பேச்சில் நமக்கு என்ன வேலை?

‘ஆசியர்’ என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் மென்பொறியாளரின் பிள்ளையும், போரிலிருந்து தப்பிவந்த ஈழத்தமிழ்க் குடும்பத்தின் பிள்ளையும், பூட்டானிலிருந்து விரட்டப்பட்ட நேபாளி அகதியின் பிள்ளையும், லாவோஸிலிருந்து அகதியாக வந்த ஹமாங் இனக் குடும்பத்துப் பிள்ளையும் அடங்கிவிடுகிறார்கள். சராசரி உயர்ந்திருப்பதால் உதவி தேவைப்படும் பிள்ளை கண்ணில் படுவதில்லை. மத்திய அரசு 2024 மார்ச்சில் இன வகைப்பாட்டு விதிகளைத் திருத்தி, விரிவான உட்பிரிவுகளைத் திரட்டச் சொல்லியிருப்பது இக்குறையைப் போக்க உதவலாம். நம் வீடுகளிலும் இதன் நிழல் விழுகிறது: வாசிப்பதில் இடர்ப்படும் பிள்ளையை ‘சோம்பேறி’ என்று பெற்றோரும், ‘அமைதியான மாணவர்’ என்று ஆசிரியரும் கடந்துவிட, டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருப்பது தாமதமாகவே தெரியவருகிறது. மதிப்பீடு வேண்டும் என்று பெற்றோர் எழுத்தில் கோரினால் பள்ளி அதைப் பரிசீலித்துப் பதிலளிக்கக் கடமைப்பட்டது.

ஒழுங்கு நடவடிக்கையில் பாகுபாடு இருப்பது உண்மையா?

உண்மை. அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013–14 பள்ளியாண்டில் கறுப்பின மாணவர்கள் மொத்த மாணவரில் 15.5 சதவீதம், இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ 39 சதவீதம். பள்ளி ஏழை வட்டாரத்தில் இருந்தாலும் வசதியான வட்டாரத்தில் இருந்தாலும் இந்த ஏற்றத்தாழ்வு காணப்பட்டது. ‘மரியாதைக் குறைவு’ போன்ற, ஆசிரியரின் பார்வையைச் சார்ந்த குற்றங்களுக்கு எப்படித் தண்டிக்கிறார்கள் என்பதை உங்கள் மாவட்டத்தின் விதிப்புத்தகத்தில் பாருங்கள்.

இந்தியாவையும் இந்து சமயத்தையும் பாடத்தில் தவறாகக் காட்டுகிறார்கள் என்கிறார்களே?

கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்புப் பாடநூல்கள் குறித்து 2005–06-இலும், பாடத்திட்ட வரைவு குறித்து 2016-இலும் கடுமையான தகராறுகள் நடந்தன. சில இந்து அமைப்புகள் கோரிய திருத்தங்கள் சாதியையும் பெண்களின் நிலையையும் மழுப்புகின்றன என்று வரலாற்றாசிரியர்கள் பலரும் தலித் அமைப்புகளும் எதிர்த்தனர். பிள்ளைகள் வகுப்பில் கேலிக்குள்ளாவதைத் தடுக்க வேண்டும் என்ற கவலை நியாயமானது. அதற்காக வரலாற்றின் வலியான பக்கத்தை அழிக்கக் கேட்பது நியாயமாகாது. அமெரிக்க அடிமைமுறையைப் பாடத்தில் மறைக்கக் கூடாது என்று எதிர்பார்க்கும் நாம் சாதிக்கு வேறு அளவுகோல் வைக்க முடியாது. சாதியும் மாடும் சேரியும் மட்டுமே இந்தியா என்று காட்டும் பாடத்துக்கு மருந்து, சங்க இலக்கியம், கடல் வணிகம், பக்தி இயக்கம், சமூகச் சீர்திருத்தப் போராட்டங்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் கேட்பதுதான். ஆசிய அமெரிக்கர் வரலாற்றைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் இல்லினாய்; அங்கு 2021-இல் சட்டம் வந்தது. 2022-இல் நியூஜெர்சி அதைப் பின்பற்றியது.

தீபாவளிக்கு விடுமுறை கேட்கலாமா?

கேட்கலாம். நியூயார்க் நகரப் பள்ளிகள் 2015-இல் ஈத் பெருநாட்களுக்கும், 2016-இல் சந்திரப் புத்தாண்டுக்கும், 2024-இல் தீபாவளிக்கும் விடுமுறை தந்தன. சிறிய மாவட்டங்களில், அந்த நாளில் தேர்வு வைக்கக் கூடாது, வராத பிள்ளைக்கு வருகைப் பதிவில் குறை வரக் கூடாது என்று கேட்பது விரைவில் பலன் தரும். பொங்கலுக்கும் இந்த வழியே எளிது.

எங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாத பாடத்திலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ள முடியுமா?

மேரிலாந்தின் மாண்ட்கமரி மாவட்டத்தில், தன்பாலின ஈர்ப்புள்ள பாத்திரங்கள் வரும் கதைப் புத்தகங்கள் தொடக்கப் பள்ளியில் வாசிக்கப்பட்டதை எதிர்த்து, வெவ்வேறு சமயங்களைச் சேர்ந்த பெற்றோர் வழக்காடினர். வழக்கு முடியும் வரை அவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்து விலக்கும் அளிக்க வேண்டும் என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கூறியது. விலக்குக் கேட்கும் முன் ஒரு வார்த்தை: இந்த உரிமையைக் கொண்டே இன்னொருவர் தம் பிள்ளையை இந்து சமயம் பற்றிய பாடத்திலிருந்தும் இஸ்லாம் பற்றிய பாடத்திலிருந்தும் விலக்கக் கோரலாம்.

மத்திய அரசின் போக்கு மாறியபின் சமவாய்ப்புத் திட்டங்களெல்லாம் சட்டவிரோதமாகிவிட்டனவா?

இல்லை. 2025 பிப்ரவரியில் மத்தியக் கல்வித் துறை, இன அடிப்படையிலான திட்டங்களை நிறுத்தாவிட்டால் நிதி நிறுத்தப்படலாம் என்று பள்ளிகளுக்குக் கடிதம் அனுப்பியது. அதை அந்த ஆகஸ்டில் மேரிலாந்து மத்திய நீதிமன்றம் செல்லாது என்றது. ஆங்கிலம் கற்போர் குறித்து 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலையும் துறை திரும்பப் பெற்றது. ஆனால் 1964-ஆம் ஆண்டுச் சட்டமும், லாவ் தீர்ப்பும், 1974-ஆம் ஆண்டின் சமக் கல்வி வாய்ப்புச் சட்டமும் அப்படியே நிற்கின்றன. நடைமுறையில் மாறியிருப்பது, புகாரை விசாரிக்க ஆள் இருக்கிறாரா என்பதுதான். புகார்களை விசாரிக்கும், அத்துறையின் சிவில் உரிமை அலுவலகத்தின் 12 மண்டல அலுவலகங்களில் ஏழு மூடப்படும் என்று 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. ஆகவே மாவட்டத்துக்கும் மாநிலக் கல்வித் துறைக்கும் முதலில் எழுதுவது இப்போது முன்னைவிட முக்கியம்.

தனி ஒரு பெற்றோராக எங்கே தொடங்குவது?

புள்ளிவிவரத்திலிருந்து தொடங்குங்கள். 2015-ஆம் ஆண்டின் மத்தியக் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியின் தேர்வு முடிவுகளும் இனம், வருமானம், ஆங்கிலம் கற்போர், மாற்றுத்திறன் என்று பிரித்து வெளியிடப்பட வேண்டும்; மாநிலக் கல்வித் துறையின் பள்ளி மதிப்பீட்டு அறிக்கையில் அதைப் பார்க்கலாம். அடுத்தது ஆலோசனைக் குழு. கலிபோர்னியாவில் ஆங்கிலம் கற்போர் குறைந்தது 21 பேர் உள்ள பள்ளியிலும், குறைந்தது 51 பேர் உள்ள மாவட்டத்திலும் அவர்களது பெற்றோருக்கான குழு இருந்தே ஆக வேண்டும். இக்குழுக்களில் இடம் காலியாகக் கிடப்பது சாதாரணம்.

வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச வழக்கமாக இரண்டு அல்லது மூன்று நிமிடம் தருவார்கள். முன்னுரையில் ஒரு நிமிடம் போய்விடும் என்பதால், எழுந்ததும் கோரிக்கையைச் சொல்லுங்கள்: ‘இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் கிஃப்டட் முதற்கட்டச் சோதனை வையுங்கள்’ என்பது போல, வாரியம் ஆம் அல்லது இல்லை என்று வாக்களிக்கக்கூடிய ஒன்றாக அது இருக்கட்டும். தனியாகப் போவதைவிட, ஸ்பானிய மொழி பேசும் பெற்றோரும் சோமாலி பெற்றோரும் கூட வந்தால் வாரியம் வேறு விதமாகக் கேட்கும். பாகுபாடு நடந்ததாக மத்திய சிவில் உரிமை அலுவலகத்தில் புகார் செய்வதென்றால் பொதுவாகச் சம்பவம் நடந்து 180 நாட்களுக்குள் செய்ய வேண்டும். அதனால் பள்ளியோடு பேசியவற்றை அன்றன்றே தேதியிட்டு மின்னஞ்சலாக அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.